நூற்றிருபது மில்லிமீட்டர் காற்று

காற்றடைத்த முதல் டயருக்கு மேலுறை தோல்தான். 1845-இல் ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற 23 வயது ஸ்காட்லாந்துக்காரர், ரப்பர் பூசிய கித்தான் குழாய்க்குள் காற்றை அடைத்து, அதன்மேல் தோலைப் போர்த்தி மரச்சக்கரத்தோடு முடுக்கிக் காப்புரிமை வாங்கினார். லண்டன் ரீஜண்ட் பூங்காவில் குதிரை வண்டியில் பூட்டி ஓட்டியும் காட்டினார். இரும்புப் பட்டை போட்ட சக்கரத்தைவிட அந்தச் சக்கரத்தை இழுக்கக் குறைவான விசையே போதுமாயிருந்தது. வழவழப்பான பாதையில் கிடைத்த லாபம் ஓரளவுதான். புதிதாக ஜல்லி கொட்டிய பாதையில் அது பல மடங்கானது. சாலை எவ்வளவு மோசமோ, காற்றின் தயவு அவ்வளவு அதிகம் தேவைப்பட்டது.

அன்றைக்கு மெல்லிய, நீடித்து உழைக்கும் ரப்பர் கிடைக்காததால் தாம்சனின் டயர் சந்தைக்கு வராமலே போனது. 1888-இல் டன்லப் அதையே மறுபடி கண்டுபிடித்தார். தோல் ஷெட்டுகளும் லாரிகளும் நிறைந்த நம் ராணிப்பேட்டை மாவட்டத்தில் இன்று டயரும் ஒரு தொழில். 1946-இல் திருவொற்றியூரில் விளையாட்டுப் பலூன் செய்து தொடங்கிய எம்.ஆர்.எஃப். நிறுவனத்துக்கு அரக்கோணத்தில் டயர் தொழிற்சாலை இருக்கிறது. பனப்பாக்கத்தில் கார் தொழிற்சாலைக்கு டாடா மோட்டார்ஸ் 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டியது. டயரும் காரும் செய்யும் இந்த மாவட்டத்தில், வாலாஜாபேட்டை வழியே போகும் நெடுஞ்சாலையின் டயர் கடைகளில், இளைஞர்கள் கேட்கும் இரண்டு விஷயங்களைப் பற்றியது இந்த அத்தியாயம். ஒன்று, பெரிய அலாய் வீல். மற்றது, வண்டியின் உயரத்தை இறக்குவது.

முதலில் டயரின் பக்கவாட்டைப் படிக்கப் பழக வேண்டும். மாருதி ஸ்விஃப்ட் காரை எடுத்துக்கொள்கிறேன். நம் பக்கம் எந்தத் தெருவிலும் ஒன்று நிற்கும் என்பது மட்டும் காரணமில்லை. ஒரே காருக்குக் கம்பெனியே இரண்டு அளவு டயர் போட்டு விற்றிருக்கிறது. விலை குறைந்த ரகத்தில் 165/80 ஆர் 14. விலை கூடிய ரகத்தில் 185/65 ஆர் 15. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 185-இல் 65 சதவீதம் 120 மில்லிமீட்டர். ரிம்மின் விளிம்புக்கும் தார் ரோட்டுக்கும் நடுவே இருக்கும் உயரம் அவ்வளவுதான்.

இப்போது மொத்த விட்டத்தைக் கணக்கிடுங்கள். 14 அங்குல ரிம் 355.6 மில்லிமீட்டர். மேலும் கீழும் 132 மில்லிமீட்டர் பக்கச்சுவரைச் சேர்த்தால் 619.6. 15 அங்குல ரிம்மில் 381-உடன் இரண்டு 120.25-ஐச் சேர்த்தால் 621.5. வித்தியாசம் 2 மில்லிமீட்டர்கூட இல்லை! ரிம் ஓர் அங்குலம் பெரிதானபோது ரப்பரும் காற்றும் அதே அளவு சுருங்கிவிட்டன. “சக்கரம் பெரிசா இருந்தா பள்ளத்துல சுலபமா ஏறி இறங்கும்” என்று பலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். சொல்வது சரி, ஆனால் அது வெளிவிட்டத்துக்குப் பொருந்தும் விதி. அந்தக் காலத்தில் பாலாற்று மணலைக் கடக்க ஆளுயரச் சக்கரம் போட்ட மாட்டுவண்டிகளுக்கு அது கைகொடுத்தது. 17 அங்குல அலாய் மாட்டிய காரில் வெளிவிட்டம் அப்படியே இருக்கிறது. பெரிதாவது உள்ளே இருக்கும் உலோகம் மட்டும்.

அதே ஸ்விஃப்டில் 205/45 ஆர் 17 மாட்டினால் பக்கச்சுவர் 92 மில்லிமீட்டராகிவிடும். தொலைந்தது 28 மில்லிமீட்டர். அதிலென்ன என்று தோன்றலாம். எண்களோடு ஒரு குழியில் இறங்கிப் பார்ப்போம்.

குழி 1 மீட்டர் நீளம், 7 சென்டிமீட்டர் ஆழம். மழைக்காலம் முடிந்ததும் எந்த மாவட்டச் சாலையிலும் காணக்கூடியது. கார் மணிக்கு 72 கிலோமீட்டரில், அதாவது விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வருகிறது. குழியின் மேல் சக்கரம் அந்தரத்தில் இருக்கும் நேரம் ஏறக்குறைய 40 மில்லிவிநாடி. காரின் உடல் தன் ஸ்பிரிங்குகளின் மேல் ஒருமுறை ஏறி இறங்க முக்கால் விநாடிக்கு மேல் ஆகும். ஆகவே அந்த 40 மில்லிவிநாடியில் உடல் அசைவதே இல்லை எனலாம். சக்கரம் மட்டும் கீழே பாய்கிறது. டயர், ரிம், பிரேக் எல்லாம் சேர்ந்து 35 கிலோ என்று வைத்துக்கொண்டால், அதை மேலிருந்து ஸ்பிரிங் 270 கிலோ எடைக்குச் சமமான விசையால் அழுத்துகிறது. வெறுமனே கீழே விழும் பொருளைவிட எட்டு மடங்குக்கும் அதிகமான முடுக்கம். ஷாக் அப்சார்பரின் எதிர்ப்பைக் கழித்த பிறகும் சக்கரம் 5 சென்டிமீட்டர்போல இறங்கிவிடும்.

அடுத்து எதிர்க்கரை வருகிறது. இறங்கிய 5 சென்டிமீட்டரையும் சக்கரம் திரும்ப ஏறியாக வேண்டும், கையில் இருப்பதோ 10 மில்லிவிநாடிக்கும் குறைவான நேரம். அந்த நேரத்துக்குள் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் விழித்துக்கொள்ளக்கூட முடியாது. அடியை வாங்குவது டயர்தான். வண்டி சும்மா நிற்கும்போதே எடையால் டயர் 14 மில்லிமீட்டர் அளவுக்கு அமுங்கியிருக்கும். அதனுடன் இந்த 50-ஐச் சேர்த்தால் 64. சக்கரம் கொஞ்சம் எம்பிக் கொடுக்கும் சில மில்லிமீட்டரைக் கழித்தாலும், 50-க்கு மேல் அமுங்க இடம் வேண்டும்.

120 மில்லிமீட்டர் பக்கச்சுவர் முழுவதும் அமுங்கக்கூடிய இடமல்ல. ரிம்மின் உதடு 17 மில்லிமீட்டர்போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ரப்பரின் தடிமன் 15 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். மிச்சம் 88. அந்தக் குழியைத் தாங்கி, கையிருப்பும் வைத்திருக்கிறது. 92 மில்லிமீட்டர் டயரில் மிச்சம் 60. காற்று 4, 5 பவுண்டு குறைந்திருந்தாலோ, பின்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தாலோ, ரிம்மின் உதடும் குழியின் கரையும் நடுவில் ரப்பரை வைத்து நசுக்கிக்கொள்ளும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்து டயரின் பக்கத்தில் எலுமிச்சம்பழ அளவுக்குப் புடைத்துக்கொண்டு நிற்கும். பக்கச்சுவருக்குள் ஓடும் நூலிழைகள் அங்கே அறுந்துபோய், காற்றைப் பிடித்துவைத்திருப்பது மேல் ரப்பர் மட்டும். பஞ்சர் ஒட்டுவதுபோல அதை ஒட்ட முடியாது. அந்த டயரோடு நெடுஞ்சாலை ஏறக் கூடாது.

நம் சாலைகள் எப்படி என்பதற்கு நீதிமன்ற ஆவணமே இருக்கிறது. மதுரவாயலுக்கும் வாலாஜாபேட்டைக்கும் இடையிலான தேசிய நெடுஞ்சாலை சரியாகப் பராமரிக்கப்படவில்லை என்பதால், அந்தப் பகுதிச் சுங்கச்சாவடிகளில் பாதிக் கட்டணமே வாங்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே சாலையில் ஓடும் வண்டியில் 28 மில்லிமீட்டர் காற்றை நாமே காசு கொடுத்துக் கழற்றிப் போடுகிறோம். எனக்கு மனம் ஒப்பாத வியாபாரம் இது.

பெரிய ரிம்மில் லாபமே இல்லையா? இருக்கிறது. பக்கச்சுவர் குட்டையாக இருந்தால் ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் டயர் நெளியாமல் உடனே திரும்பும். ஓட்டுபவருக்கு அந்தக் கச்சிதம் கையிலேயே தெரியும், அதில் பொய்யில்லை. பெரிய பிரேக் டிஸ்க் வைக்கவும் உள்ளே இடம் கிடைக்கும். ஆனால் அலாய் என்றாலே இரும்பைவிட எடை குறைவு என்று நம்பி வாங்க வேண்டாம். விலை மலிவான 17 அங்குல வார்ப்பு அலாய், கம்பெனி கொடுத்த 14 அங்குல இரும்பு ரிம்மைவிடக் கனமாக இருப்பது சகஜம். ஸ்பிரிங்குக்குக் கீழே கூடும் எடை கொடுமையானது, ஏனென்றால் ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் அதைத் தூக்கித் தூக்கிப் போட வேண்டியிருக்கிறது. அது சுழலும் எடையும்கூட. விளிம்பை ஒட்டிய ஒரு கிலோவை வேகமெடுக்கச் செய்ய, டிக்கியில் வைத்த இரண்டு கிலோவுக்குத் தேவையான உழைப்பு வேண்டும்.

அகலத்துக்கு வருவோம். அகலமான டயர் அதிக இடத்தில் தரையைப் பிடிக்கும் என்பது பாதி உண்மை. டயர் தரையைத் தொடும் பரப்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பது காற்றழுத்தம். 33 பவுண்டு அழுத்தம் என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2.3 கிலோ. சக்கரத்தின் மேல் 260 கிலோ இருந்தால், அதைத் தாங்க 113 சதுர சென்டிமீட்டர் போதும். ஓர் உள்ளங்கையை வைத்தால் கிட்டத்தட்ட மூடிவிடலாம். அகல டயர் போட்டாலும் அழுத்தம் அதேயானால் பரப்பும் ஏறக்குறைய அதேதான். வடிவம்தான் மாறும். நீளவாக்கில் இருந்தது குறுக்குவாக்கில் திரும்பிக்கொள்ளும். திருப்பங்களில் இது நல்லது. ஐப்பசி மழையில் நல்லதல்ல. நீரை விலக்க வேண்டிய முகம் அகலமாகிவிடுகிறது, விலக்கிய பிறகு தரையைப் பற்ற வேண்டிய நீளமோ குறைகிறது. நாசாவில் வால்டர் ஹோர்ன், ராபர்ட் ட்ரெஹர் இருவரும் விமான டயர்களை ஆராய்ந்து 1963-இல் ஒரு சூத்திரம் தந்தார்கள். அதன்படி 33 பவுண்டு காற்றுள்ள டயர், தேங்கிய நீரில் மணிக்கு 96 கிலோமீட்டர் வாக்கில் தரையை விட்டு மிதக்கத் தொடங்கும். 25 பவுண்டு என்றால் 83-லேயே. பட்டன் தேய்ந்த டயருக்கு இது பொருந்தும். நல்ல பட்டன் இருந்தால் வரம்பு உயரும். அகலம் கூடினால் தாழும். கார் டயரில் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று நம் மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. நெடுஞ்சாலையில் மழையில் ஓடுபவர் அதுவரை காத்திருக்கக் கூடாது என்பேன்.

வெளிவிட்டத்தையே கூட்டுபவர்களும் உண்டு. அதே 15 அங்குல ரிம்மில் 205/65 போட்டால் விட்டம் 647.5 மில்லிமீட்டர், 4 சதவீதம் அதிகம். வண்டி 13 மில்லிமீட்டர் உயரும். ஸ்பீடோமீட்டர் எண்ணுவது சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்பதைத்தான். ஆகவே முள் 100 காட்டும்போது வண்டி 104-இல் போய்க்கொண்டிருக்கும். காட்டும் வேகம் உண்மை வேகத்தைவிடக் குறையக் கூடாது என்பது ஐ.நா. வாகன விதிமுறை. அதற்காகவே கம்பெனிகள் முள்ளைச் சற்றுக் கூட்டிக் காட்டும்படி வைக்கின்றன. அந்தப் பாதுகாப்பை இந்த டயர் தின்றுவிடும். இன்ஜினின் இழுவையும் பிரேக்கின் பிடியும் அதே 4 சதவீதம் குறையும்.

வண்டியை இறக்கும் விஷயத்தில்தான் அதிகத் தவறு நடக்கிறது. இறக்கினால் ஈர்ப்பு மையம் தாழும், திருப்பத்தில் சாயாது என்பது வாதம். ஏலகிரி மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். 15 மீட்டர் ஆரமுள்ள வளைவு ஒன்றை 30 கிலோமீட்டர் வேகத்தில் திரும்புவதாகக் கொள்வோம். இரண்டு பேரோடு வண்டி 1,050 கிலோ, ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 55 சென்டிமீட்டர், இடது வலது சக்கரங்களுக்கு இடையே 1.52 மீட்டர். உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கத்துக்கு ஏறக்குறைய 180 கிலோ மாறும். 3 சென்டிமீட்டர் இறக்கிய பின் 170 கிலோ. பத்து கிலோதான் லாபம்.

அந்தப் பத்து கிலோவுக்கு என்ன விலை? முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் ஒரு குறிப்பிட்ட சாய்வில் இருக்கும்படி வடிவமைக்கப்பட்டது. வண்டியை இறக்கினால் அந்தச் சாய்வு மாறி, உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி ஈர்ப்பு மையத்தைவிட வேகமாகக் கீழே போகிறது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் தூரம் கூடுகிறது. உடலைச் சாய்க்கும் நெம்புகோல் நீண்டுவிட்டது என்று பொருள். ஸ்பிரிங் அதே விறைப்பில் இருந்தால், இறக்கிய கார் முன்பைவிட அதிகமாகவே சாயக்கூடும்.

அதனால்தான் விறைப்பான ஸ்பிரிங் வேண்டும். நம் ஊர்ப் பட்டறைகளில் சிலர் அதற்குக் கண்ட வழி, ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை அறுத்தெடுப்பது. வேலை செய்யும் சுற்று ஆறில் ஒன்றை அறுத்தால், மிச்ச ஐந்தின் விறைப்பு 20 சதவீதம் கூடும். ஷாக் அப்சார்பரோ பழைய ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கச் செய்தது. புதிய விறைப்புக்கு முன் அது பலவீனமாகிப்போகிறது. வண்டி ஒரு மேட்டில் ஏறி இறங்கினால் ஒரு தரம் ஆடி நிற்காமல், இரண்டு மூன்று தரம் தூக்கிப் போடும். அறுபட்ட முனை இருக்கையில் சரியாக உட்காராது. ஜாக்கி வைத்துத் தூக்கும்போதோ குழியில் சக்கரம் தொங்கும்போதோ இடம் பெயரவும் கூடும். கேஸ் கட்டரால் சூடு வைத்து இறக்குவது அதைவிட மோசம். ஸ்பிரிங் எஃகின் உயிர், அதைச் சுடவைத்துக் குளிர்வித்துப் பதம் பண்ணிய முறையில் இருக்கிறது. செஞ்சூடு பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடும். பிறகு அது சோர்ந்து படியும், அல்லது ஒருநாள் முறியும்.

இடப்பற்றாக்குறை தனிக் கதை. இதுபோன்ற காரில் ஓட்டுநர் மட்டும் இருக்கும்போது ஸ்பிரிங் மேலும் அமுங்க 80 மில்லிமீட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 40 இறக்கினால் மிச்சம் 40. பின்சீட்டில் மூன்று பேரும் டிக்கியில் சாமானும் ஏறினால் அதுவும் தீர்ந்துவிடும். பிறகு வண்டி ஸ்பிரிங்கில் ஓடாது, பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர்க் கட்டையின் மேல் ஓடும். திருப்பத்தில் ஒரு பக்கம் மட்டும் கட்டையில் இடித்தால் அந்தச் சக்கரத்தின் விறைப்பு திடீரெனப் பல மடங்காகி, டயர் பிடியை விட்டு வழுக்கும். ஓட்டுபவருக்கு முன்னறிவிப்பே இருக்காது.

வேகத்தடைக்கு வருவோம். இந்தியச் சாலைக் காங்கிரஸ் தரப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம், 17 மீட்டர் ஆரமுள்ள மெல்லிய வளைவு. ஸ்விஃப்டின் முன் பின் சக்கரங்களுக்கு இடையே 2.45 மீட்டர். அந்த வளைவின் மேல் கார் நிற்கும்போது இரு சக்கரங்களின் நடுவில் மேடு எழும்புவது 44 மில்லிமீட்டர் மட்டுமே. வண்டியின் தரை இடைவெளி 163. 40 இறக்கினாலும் தாராளமாகத் தாண்டும். ஆனால் நாம் தினமும் ஏறி இறங்குவது அந்த வேகத்தடையையா? தெருவாசிகளே சிமென்ட் குழைத்துப் போட்ட ஓரடி அகலக் கட்டையில் வளைவு என்ற பேச்சே இல்லை. அதன் முழு உயரமும் வண்டியின் வயிற்றுக்கு நேராக நிற்கும். அது 12 சென்டிமீட்டர் என்றால், இறக்கிய காரில் 123 மில்லிமீட்டர் இடைவெளிக்கு 120 மில்லிமீட்டர் கட்டை. ஓட்டுநரோடு இன்னும் ஒருவர் ஏறினாலே அடி தட்டும். தட்டுவது ஆயில் சம்ப் ஆக இருந்து அது விரிசல் விட்டால், எண்ணெய் வடிந்து இன்ஜின் பிடித்துக்கொள்ளும் வரை பலருக்குத் தெரியவே வராது.

இறக்கிய காரின் முன் டயரைக் கழற்றிப் பார்த்தால் கதை எழுதியே இருக்கும். வெளிப்பக்கம் பட்டன் புதிதுபோல நிற்கும். உள்பக்க ஓரம் மழுமழுவென்று தேய்ந்து, சில இடங்களில் கம்பி இழைகள் வெளியே தெரியும். விரலால் உள்ளிருந்து வெளியே தடவினால் வழுக்கும், எதிர்த் திசையில் தடவினால் ரம்பம்போலக் கீறும். “உள்பக்கம் தின்னுது சார்” என்பார் அலைன்மென்ட் கடைக்காரர். சக்கரத்தின் தலை உள்பக்கம் சாய்வதால் வரும் கேம்பரைப் பலர் குறை சொல்வார்கள். அதைவிடப் பெரிய குற்றவாளி டோ. மேலிருந்து பார்த்தால் இரு முன்சக்கரங்களும் நேராக நோக்காமல் சற்றே விலகி நிற்பது அது. கால் டிகிரி விலகினால் போதும், ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் டயர் 4 மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் இழுபட்டுத் தேயும். கீறலாகத் தெரியும் அந்த ரம்பப் பற்கள் அப்படி உண்டானவை. முன்சக்கர டோவை அலைன்மென்ட் கடையில் சரிசெய்யலாம். ஸ்விஃப்ட் போன்ற கார்களின் பின்சக்கரங்கள் ஒரே உத்திரத்தில் பிணைந்தவை, அங்கே திருப்பிச் சரிசெய்ய ஏதும் இல்லை.

சட்டமும் இங்கே குறுக்கிடும். தயாரிப்பாளர் தந்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், உரிமையாளர் செய்யும் அத்தகைய ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடமளிக்கிறது.

ஆசை விடாது என்பவர்களுக்கு நான் சொல்லும் எல்லை இது. அந்த மாடலின் மேல் ரகத்துக்குக் கம்பெனியே கொடுத்திருக்கும் ரிம் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஓட்டுநர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் காற்றழுத்தத்தைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் அளவுக்குப் பின்னால் இருக்கும் எண்ணையும் படியுங்கள். 88 என்றால் அந்த டயர் 560 கிலோ தாங்கும், 84 என்றால் 500 கிலோ. வாங்கும் புதிய டயரில் அந்த எண் பழையதைவிடக் குறைந்திருந்தால், கடைக்காரர் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம்.

இறக்கிய காருக்கும் ஓர் இடம் உண்டு. அதே நெடுஞ்சாலையில் சென்னைப் பக்கம் போனால் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் வரும். அங்கே குழியும் இல்லை, தெருவாசிகள் போட்ட கட்டையும் இல்லை. விறைப்பான ஸ்பிரிங்கும், அதற்கென்றே செய்த ஷாக் அப்சார்பரும், சாய்வு மாறாதபடி திருத்திய ஆர்ம்களும் ஒன்றாகச் சேர்ந்து அந்தப் பத்து கிலோ லாபத்தை விநாடியின் பின்னங்களாக மாற்றித் தரும். அந்தக் கார்களைத் தடத்துக்கு லாரியில் ஏற்றித்தான் கொண்டுவருகிறார்கள்.